நீலமலைக் கண்ணாடி மனைகளும் கொயினா மரமும்

கசப்புக்கு உவமை கூற விரும்புவார் வேம்பினைக் கூறுவர், எட்டியைக் கூறுவர். இவ்விரண்டனோடும் ஒருங்கு வைத்து எண்ணப்படும் மூன்றாவது பெயர் ஒன்று நம் நாட்டுப்புறத்தில் வழங்குகின்றது. மணப்பாறைப் பக்கத்துச் சிற்றூர்களில் முதியோர், பொறுக்கலாகாக் கசப்புடைய மருந்தினை வாயிலிட்டவுடன் 'கொயினாவாய்க் கசக்கிறது' என்று முகஞ்சுளிப்பதை இளமையில் பலகாற் கேட்டுள்ளேன். வேம்பும் எட்டியும் நம் மண்ணில் என்றும் உள்ளவை. கொயினாவோ நூற்றறுபது ஆண்டுகட்கு முன் இந்நாட்டு மண்ணை அறியாதது. அங்ஙனமிருந்தும் அச்சொல் உழவர் வாயில் உவமையாக நிற்குமளவு வேரூன்றிவிட்டது. மரமோ நம் மலைகளைவிட்டு ஏறத்தாழ முற்றும் அகன்றது. சொல் நிற்க மரம் அகன்றது எங்ஙனம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். வடபுலத்தார் இம்மருந்தினைக் 'குனைன்' என்பர். தமிழில் அது 'கொயினா' என வழங்கும். மொழிமுதற்கண் மெய்ம்மயக்கம் வாராமையின் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்துகள் நெகிழ்ந்து உயிர்பெற்றமை நம் மொழியின் இயல்பிற்கு ஒத்ததே. ஆயின் 'குயினைன்' என்னும் மருந்தின் பெயரே திரிந்ததெனின், ஈற்று னகரம் கெட்டதற்குக் காரணம் கூறல் வேண்டும். பட்டைக்கு ஆங்கிலர் 'குவைனா' என்றும் ஒரு பெயர் வழங்கினர். அப்பெயரே நம் சொல்லுக்கு மூலம் எனக் கொள்ளின் ஈற்றாகாரம் தானே அமையும். மருந்தின் பெயரினும் பட்டையின் பெயரே தமிழர் செவியில் முன்னர் விழுந்தது என்பதற்கு இஃது ஒரு சான்றாகலாம். பட்டையை உரித்துக் காயவைத்து மூட்டைகட்டிய கைகள் பெரும்பாலும் தமிழர் கைகள் என்பதை நினைப்பின், இம்முடிபு பொருத்தமற்றதன்று.

இம்மரத்தின் தாயகம் தென்னமெரிக்காவின் ஆண்டீசு மலைச்சரிவு. அதன் பட்டை முறைச்சுரத்தைத் தணிக்கும் என்னும் செய்தி பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிற் பரவிற்று. பெருநாட்டு ஆளுநரின் மனைவியாகிய சிஞ்சோன் கோமாட்டி இப்பட்டையால் நலம்பெற்றாள் என்றும், அவளே அதனைத் தன் நாட்டிற்குக் கொணர்ந்தாள் என்றும் ஒரு கதை வழங்கிற்று. அதனை நம்பியே லின்னேயசு 1742-இல் மரத்திற்குச் 'சின்கோனா' எனப் பெயரிட்டார். பெயரில் ஓரெழுத்து விடுபட்டது. அவ்வெழுத்தை மீட்டுத் தரவேண்டுமென்று கிளெமென்சு மார்க்கம் 1874-இல் ஒரு தனி நூலே இயற்றினார். 1941-இல் ஹாகிசு என்பார் ஆளுநர்கால ஆவணங்களை ஆராய்ந்து கதையே பொய்யெனக் காட்டினார். இல்லாத நிகழ்ச்சிக்காக ஓரெழுத்தின் பொருட்டு நடந்த இவ்வழக்கினைப் பெயராராய்ச்சி செய்வார் நினைவிற் கொள்வது நன்று.

1820-இல் பெல்லெத்தியே, கவாந்து என்னும் பிரெஞ்சு வேதிநூலார் இருவர் பட்டையினின்று குயினைனைப் பிரித்தெடுத்தனர். அதன்பின் பட்டையின் மதிப்பு அதனுள் உள்ள குயினைனின் அளவால் மதிக்கப்படலாயிற்று. இச்செய்தி பின்னர் நாம் கூறவிருப்பதற்கு அடிப்படை. கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் இரு மரங்களுள் ஒன்றன் பட்டையில் நூற்றுக்குப் பத்துப் பங்கும், மற்றொன்றில் ஒரு பங்குங்கூட இன்றியும் அம்மருந்து அமைதல் உண்டு. மரத்தை வளர்த்தல் வேறு, மருந்தை வளர்த்தல் வேறு என்பது இதனாற் போதரும்.

இந்தியாவை ஆண்ட ஆங்கிலர்க்குச் சுரம் பெரும் பகை. படைவீரரும் அதிகாரிகளும் ஆண்டுதோறும் மடிந்தனர். வாங்கும் பட்டைக்கோ பெரும்பொருள் செலவாயிற்று. ஒல்லாந்தர் 1854-இலேயே சாவகத்திற்குச் செடிகளைக் கொணர்ந்துவிட்டனர். ஆங்கில அரசு 1859-இல் மார்க்கத்தை இப்பணிக்கு அமர்த்திற்று. அவர் தாமே பெருநாட்டின் கரவாயா மலைகளில் ஏறி, 'கலிசாயா' என்னும் இனத்தின் செடிகளைத் திரட்டினார். அவை வார்டு என்னும் இலண்டன் மருத்துவர் கண்ட கண்ணாடிப் பேழைகளில் வைக்கப்பெற்று, ஐரோப்பாவைச் சுற்றிச் செங்கடல் வழியாக வந்தன. செங்கடலின் வெம்மையிலேயே பெரும்பாலன வாடின. 1860 அக்டோபரில் உதகை சேர்ந்த எச்சமும் சில திங்களுள் பட்டுப்போயிற்று. அவர்தம் அருமுயற்சியின் நேரடிப் பயன் இவ்வளவே. எனினும் நீலமலைச் சின்கோனா வரலாற்றில் மார்க்கத்தின் பெயரே முன்னிற்கின்றது. நூல் எழுதியவர் பெயர் நிற்றல் உலகியற்கை.

உண்மையில் நிலைத்தவை பிறர் அனுப்பியவை. இரிச்சர்டு இசுப்புரூசு என்னும் செடிநூலறிஞர், நோயால் நடக்கவும் இயலாநிலையில், எக்குவதோர் நாட்டில் சிம்பொராசோ மலையடியில் தங்கிச் செம்பட்டை இனமாகிய 'சுச்சிரூபிரா'வின் விதையும் செடியும் திரட்டினார். இராபர்ட்டு கிராசு என்னும் தோட்டக்காரர் அவற்றைப் பேழைகளில் ஏற்றிக் கொணர்ந்தார். 1861 ஏப்பிரலில் நானூற்றுக்கு மேற்பட்ட செடிகள் உயிருடன் உதகையை அடைந்தன. சாம்பற்பட்டை இனங்களின் விதைகள் அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே வந்திருந்தன. 'அஃபிசினாலிசு' என்னும் இனத்தின் விதைகளை மறு ஆண்டில் கிராசே அனுப்பினார்.

இவற்றை ஏற்றுக்கொண்டவர் வில்லியம் கிரகாம் மெக்கைவர். கியூத் தோட்டத்தில் பயின்று 1848-இல் உதகைக்கு வந்து, சதுப்பும் முட்புதருமாயிருந்த தொட்டபெட்டாச் சரிவினைத் தாவரத் தோட்டமாக்கியவர் இவர். கடல்மட்டத்திற்கு மேல் ஏழாயிரம் அடியைக் கடந்த அத்தோட்டத்தில் அவர் கட்டிய கண்ணாடி மனைகளே சின்கோனாவின் இந்தியத் தொட்டில் எனலாம். உயர்மலையில் கண்ணாடி மனை எதற்கென்று வினவலாம். வெப்பநாட்டில் குளிரைத் தேடியே ஆங்கிலர் உதகை சென்றனர். சென்றபின் செடிகட்காக வெப்பத்தைக் கண்ணாடிக்குள் உண்டாக்கவேண்டியதாயிற்று. மலையில் பகற்கதிர் கடுமை; இரவில் உறைபனி. இளஞ்செடி இவ்விரண்டனையும் தாங்காது. மனைக்குள்ளோ மண்ணின் அடியிலிருந்து மென்சூடு ஊட்டவும், காற்றின் ஈரத்தைக் காக்கவும், ஒளியை வேண்டுமளவு மறைக்கவும் இயலும். விதைகளை இலேசான, நீர் தங்கா மண்ணில் மெக்கைவர் முளைக்கவைத்தார். ஒவ்வொரு செடியையும் பதியமிட்டும், தண்டுகளைத் துண்டாக்கியும், இறுதியில் ஓர் இலையும் அதன் கக்கத்து மொட்டும் மட்டும் கொண்ட சிறு துண்டினையும் வேரூன்றச் செய்தும் பெருக்கினார். நானூறு செடிகள் ஈராண்டிற்குள் இலக்கத்தைக் கடந்தன. அடர்காட்டின் நிழலில் நடவேண்டுமென்று அக்காலத்துச் சாவகத்தில் யூங்கூன் என்பார் கொண்டிருந்த கருத்தை மெக்கைவர் ஏற்கவில்லை. காட்டை வெட்டித் திறந்த நிலத்தில் நட்டார். செடி வளர்ச்சி நோக்கின் அவர் கொண்டதே சரி. வெட்டப்பட்ட சோலைகளும், மேய்ச்சல் நிலம் சுருங்கிய தோதவரும் அக்கணக்கில் சேர்க்கப்பெறவில்லை.

தோட்டங்கள் இருவகை உயரத்தில் அமைந்தன. குளிர்தாங்கும் அஃபிசினாலிசு தொட்டபெட்டாவிலும், சற்றே தாழ்ந்த வெம்மையை விரும்பும் சுச்சிரூபிரா கூடலூர் வழியிலுள்ள நடுவட்டத்திலும் நடப்பெற்றன. நடுவட்டத்தில் உழைத்தோருள் சீனக் கைதிகளும் இருந்தனர். அவர்களை அபினிப் போரிற் பிடிபட்ட வீரர் எனக் கூறும் வழக்கு இன்று செய்தித்தாள்களிலும் சுற்றுலாப் பலகைகளிலும் பரவியுள்ளது. 1908-இல் பிரான்சிசு தொகுத்த நீலகிரி மாவட்டக் குறிப்பேடோ, மலாயாக் குடியேற்றங்களின் சிறைகளில் இடமின்மையாற் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பெற்ற குற்றவாளிகள் என்று கூறுகின்றது. பின்னதே கொள்ளத்தக்கது. அவருட் சிலர் விடுதலைக்குப்பின் நடுவட்டத்திற்கும் கூடலூருக்கும் இடையே குடியிருந்து தமிழ்ப்பெண்டிரை மணந்தனர். அக்குடும்பங்களைத் தர்சுடன் தம் குலநூற்பணியில் கண்டெழுதியுள்ளார். பேழையிற் கொணரப்பட்ட ஆண்டீசுச் செடியும் கப்பலிற் கொணரப்பட்ட சீன மனிதரும் ஒரே மலைச்சரிவில் வேரூன்றியமை அப்பேரரசின் இயல்பைக் காட்டும்.

மெக்கைவரின் கைவண்ணத்திற்கு மற்றொரு சான்று பாசிமுறை. மரத்தை வெட்டாது, பட்டையை நெடுங்கீற்றாக உரித்து, வெறுமையான இடத்தை ஈரப்பாசியால் மூடிக் கட்டினால் புதுப்பட்டை வளரும். அப்புதுப்பட்டை பழையதினும் மருந்துவளம் மிக்கிருந்தமை இலண்டனில் ஹோவார்டு செய்த பகுப்பாய்வால் தெரியவந்தது. 1866-இல் பிரௌட்டன் என்னும் வேதிநூலார் உதகையிலேயே அமர்த்தப்பெற்றார். அவ்வாண்டு தொடங்கிச் சென்னையில் நடைபெற்ற மருத்துவ ஆய்வுகள், குயினைன் மட்டுமன்றிப் பட்டையில் உடனுறையும் சின்கோனிடின் முதலிய பிற காரப்போலிகளும் சுரத்தைத் தணிக்கும் என நிறுவின. இம்முடிபு ஏழைகட்குப் பெருநன்மை. நீலமலையின் செம்பட்டையில் குயினைன் குறைவு. பிற காரப்போலிகளோ மிகுதி. எனவே மலிவான கலப்பு மருந்தினை இங்கேயே செய்துகொள்ளலாம் என்னும் நம்பிக்கை பிறந்தது. ஆயின் அதே முடிபு ஒரு தீங்கும் விளைத்தது எனக் கருதுகின்றேன். உள்ள மரமே போதும் என்னும் மனநிறைவு அரசினரிடத்துத் தோன்றிற்று. குயினைன் மிக்க இனத்தைத் தேடிப் பொறுக்கும் வேட்கை தளர்ந்தது.

இனி, இனப்பெருக்கத்தின் உட்பொருளைக் காண்போம். சின்கோனாவின் பூ இருவகைப்படும். சில மரங்களின் பூக்களில் சூல்தண்டு நீண்டும் மகரந்தத்தாள் குறுகியும் இருக்கும்; வேறு சில மரங்களில் இவை மாறி நிற்கும். ஒருவகைப் பூ மற்றவகைப் பூவின் மகரந்தத்தாலேயே நன்கு கருவுறும். வண்டும் ஈயும் அதனைச் சுமந்து செல்லும். இதன் விளைவு யாது? பல இனங்களை அருகருகே நட்ட தோட்டத்தில் எடுக்கும் விதை தாய்மரத்தின் இயல்பைப் பேணாது. நீலமலையில் இங்ஙனமே நிகழ்ந்தது. அஃபிசினாலிசும் சுச்சிரூபிராவும் தாமே கலந்து, பின்னர் 'ரோபசுட்டா' எனப் பெயர்பெற்ற கலப்பினங்களை ஈன்றன. அவை விரைந்து வளர்ந்தன. தோற்றப் பொலிவும் மிக்கிருந்தன. ஆயின் ஒன்றன் பட்டைபோல் மற்றொன்றன் பட்டை இல்லை. கண்ணாடி மனைக்குள் மொட்டுத் துண்டினால் பெருக்கியவரை இனம் கலவாதிருந்தது. விலை குறைவென்று விதைவழிப் பெருக்கத்திற்குத் திரும்பியவுடன் மகரந்தம் தன் போக்கிற் சென்றது. கண்ணாடிச் சுவர் குளிரைத் தடுத்தது. மலைக்காட்டின் வண்டினைத் தடுக்கவில்லை.

ஈண்டு ஒப்புநோக்கத்தக்க மற்றொரு பயிர் உண்டு. அதே காலத்தில் அதே அரசு, மருந்தும் மயக்கமும் ஒருங்குடைய கஞ்சாப் பயிரினைக் குறித்து ஆராய்ந்தது. 1893-இல் அமர்த்தப்பெற்ற ஆணையம் ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் சான்றுரைகளைக் கேட்டு, மறு ஆண்டில் பல தொகுதிகளாக அறிக்கை தந்தது. வங்காளத்தின் நௌகாவ் பகுதி உழவர், பூக்கும் பருவத்தே அதற்கெனவே கூலிபெறும் வல்லுநரைக் கொண்டு வயல்முழுதும் ஆண்செடிகளைக் கண்டறிந்து களைந்துவந்த செய்தி அக்காலத்து அறிக்கைகளில் விரிவாகப் பதியப்பெற்றுள்ளது. கருவுற்ற செடியின் பூங்கொத்து தரங்குன்றும் என்பது அவர்க்குத் தெரியும். பூநூல் கற்றிலர், கண்ணாடி மனை கண்டிலர், எனினும் மகரந்தமே பயிரின் தரத்தை ஆள்கின்றது என்னும் உண்மையைத் தொழிலால் அறிந்திருந்தனர். அவ்வுண்மையைத் தோட்டநூல் முற்றும் கற்றோர் உதகையில் நெகிழவிட்டனர். அரசு முன்னவரை உரிமத்தாலும் வரியாலும் கட்டுப்படுத்தியது. பின்னவர்க்குப் பொருளை வாரி வழங்கியது. உழவர் கைத்திறனுக்கும் அரசினர் மதிப்புக்கும் உள்ள தொலைவினை இதனால் அறியலாம்.

ஒல்லாந்தர் சென்ற வழி வேறு. பொலிவியக் காடுகளில் மரங்களை இனங்கண்டறிவதில் வல்லவன் மனுவெல் இன்கிரா மமானி என்னும் தொல்குடியினன். அவன் 1865-இல் சார்லசு லெட்சர் என்னும் ஆங்கில வணிகர்க்கு விதை திரட்டித் தந்தான். அக்குற்றத்திற்காகச் சிறைப்பட்டு, அடியுண்டு, பின்னர் மடிந்தான். விதைகள் இலண்டன் சேர்ந்தபோது ஆங்கில அரசு அவற்றை வாங்க மறுத்தது. நீலமலையில் இலக்கக்கணக்கான மரங்கள் நிற்கும்போது இன்னும் விதை எதற்கு என்பது அவர்தம் எண்ணம் போலும். ஒல்லாந்தர் ஒரு பவுண்டளவு விதையைச் சிறுதொகைக்கு வாங்கினர். எஞ்சியதை இந்தியத் தோட்டமுதலாளி ஒருவர் வாங்கினாரெனினும் அதனால் இந்நாட்டிற்கு விளைந்த பயன் சிறிதே. சாவகத்திலோ அவ்விதையினின்று ஏறத்தாழ இருபதினாயிரம் செடிகள் எழுந்தன. மோன்சு என்னும் வேதிநூலார் அவற்றின் பட்டையை மரந்தோறும் பகுத்துப் பார்த்தார். சிலவற்றில் குயினைன் நூற்றுக்குப் பத்துப் பங்கினும் மிக்கிருந்தது. அத்தகையவற்றை மட்டும் பிற இனங்களின் மகரந்தம் எட்டாத் தனியிடத்தில் விதைக்கென நட்டார். அவற்றின் கிளைகளை வலிய வேருடைய சுச்சிரூபிராவின்மேல் ஒட்டுக்கட்டினார். அக்கிளைகளைத் தாங்கிய அடிமரம் நீலமலையில் தலைமை பெற்ற அதே இனம் என்பது காண்க. இங்குத் தலையாயிருந்தது அங்குக் காலாயிற்று.

நீலமலைத் தோட்டங்கள் தோல்வியுற்றன என்றும், மண்ணும் தட்பவெப்பமும் ஒவ்வாமையே காரணம் என்றும் கூறுவாருளர். லெட்சர் இனம் உதகையின் உறைபனியை விரும்பாது என்பது மெய்யே. ஆயின் தமிழ்நாட்டு மலைகள் உதகையோடு முடிந்துவிடவில்லை. வெப்பமும் மழையும் மிக்க ஆனைமலையில் அரசு சின்கோனாத் தோட்டம் திறந்தது 1920-களில். நல்விதை விலைக்கு வந்து அறுபதாண்டு கழிந்தபின் அத்தோட்டம் திறக்கப்பட்டமையின், மண்ணைக் குறைகூறுதல் பொருந்துமாறில்லை. மெக்கைவரைக் குறைகூறுதலும் முறையன்று. அவர் 1876-இல் உதகையிலேயே மறைந்தார். பெருக்குக எனப் பணிக்கப்பட்டார், பெருக்கினார். பொறுக்குக எனப் பணித்தார் எவருமிலர்.

அவர் மறைவிற்குப் பின் விலை வீழ்ந்தது. இலங்கையில் காப்பிப் பயிர் இலைத்துரு நோயால் அழிந்தபோது தோட்டமுதலாளிகள் சின்கோனாவிற்குத் தாவினர். 1861-இல் ஹக்கலையில் அமைந்த அரசுத் தோட்டம் அவர்க்கு நாற்று வழங்கிற்று. 1880-களின் நடுவில் இலங்கைப் பட்டை இலண்டன் சந்தையில் மலைபோற் குவிந்தது. அப்பட்டையை உரித்தவரும் தமிழரே. சில ஆண்டுகளில் அத்தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. சாவகம் மட்டும் நிலைத்தது. உலகத்துக் குயினைனில் பத்தில் ஒன்பது பங்கு ஒல்லாந்தர் கையிற் சேர்ந்தது. விலையை ஆம்சுடர்டாம் நகரம் வகுத்தது.

இந்நிலையில் நம் நாட்டு நோயாளர்க்குக் கிடைத்தது யாது? 1890-களில் வங்காளத்தில் தொடங்கி, அஞ்சல் நிலையங்களில் காலணாப் பொட்டலமாகக் கொயினா விற்கும் முறை பிற மாகாணங்கட்கும் பரவிற்று. நடுவட்டத்து அரசு ஆலையிலும் மருந்து செய்யப்பட்டது. கொயினா என்னும் சொல் மணப்பாறை போன்ற வானம்பார்த்த நிலத்துச் சிற்றூர்வரை நடந்துவந்தது பெரிதும் இவ்வழியால் என்று கருதலாம். ஆயின் ஒரு பொட்டலத்தால் சுரம் தீராது. நாள்தோறும் பலநாள் உண்ணல் வேண்டும், கசப்போ கடுமை. சுரம் சிறிது தணிந்தவுடன் நிறுத்தினர், சுரம் மீண்டது. மேட்டூர் அணை 1934-இல் முடிவுற்றுப் புதுக்கால்வாய்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் பாய்ந்தபோது, நீரோடு முறைச்சுரமும் வந்ததை இரசல் முதலிய ஆராய்ச்சியாளர் பதிந்துள்ளனர். மருந்து மரம் எழுபதாண்டுக்கு மேலாக அதே மாகாணத்து மலைமேல் நின்றுகொண்டிருந்தது.

இத்தொடர்பில் உரோனால்டு இராசின் பட்டறிவு ஒன்று குறிக்கத்தக்கது. கொசுவே சுரத்தைப் பரப்புகின்றது என்பதை நிறுவும் முயற்சியிலிருந்த அவர் 1897-இல் விடுப்பிற் சென்று உதகையில் தங்கினார். சீகூர்க் கணவாயின் காய்ச்சல் நிலத்தை ஆராய இறங்கியவர் தாமே அச்சுரத்திற்கு ஆளானார். தொட்டபெட்டாவின் சின்கோனாத் தோட்டங்கட்கும் அக்கணவாய்க்கும் இடைப்பட்ட தொலைவு மிகச் சிறிது. மருந்தின் மலையடியில் நோய் குறைவின்றி வாழ்ந்தது. அவர் அவ்வாண்டு ஆகஸ்டில் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் நோய்க்கிருமியைக் கண்டமை உலகறிந்தது.

1942-இல் சப்பானியர் சாவகத்தைக் கைப்பற்றினர். உலகமே குயினைனுக்கு ஏங்கிற்று. இந்தியத் தோட்டங்கள் தந்தது நாட்டுத் தேவையில் ஒரு பகுதியே. 1943-இல் வங்கப் பஞ்சத்தில் மடிந்தோருட் பலர் பசியோடு முறைச்சுரமும் உற்று மடிந்தவர். முன்னொருகால் மறுக்கப்பட்ட விதையின் மதிப்பு அன்று விளங்கியிருக்கும். போருக்குப்பின் குளோரோகுயின் முதலிய செயற்கை மருந்துகள் பரவின. 1953-இல் தொடங்கிய தேசிய மலேரியாத் தடுப்புத் திட்டம் பூச்சிமருந்தைப் பெரிதும் நம்பிற்று. பட்டையின் தேவை படிப்படியே குன்றியது. இலங்கையினின்று தாயகம் திரும்பிய தமிழர்க்கு வேலைதரும் பொருட்டு 1968-இல் தமிழக அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. சின்கோனா நின்ற மலைச்சரிவுகளிற் சில அத்தேயிலைக்கு வழிவிட்டன. இலங்கை மலைகளில் ஒருகாற் பட்டை உரித்தவர் வழியினர், பட்டைமரம் நின்ற தமிழ்நாட்டு மலையில் கொழுந்து பறிக்க வந்தனர்.

வால்பாறையை அடுத்து ஆனைமலையில் 'சின்கோனா' என்றே ஓர் ஊர் உள்ளது. பேருந்துப் பலகையிலும் அப்பெயரே எழுதப்படுகின்றது. ஊரைச் சூழத் தேயிலை.